தடத்து எண்ணெய்க்கேற்ற பந்துத் தேர்வும் பேணலும் (பத்துமுளைப் பந்துருட்டல்)

தடத்து எண்ணெய்க்கேற்ற பந்துத் தேர்வு என்பது, பத்துமுளைப் பந்துருட்டல் விளையாட்டில் தடத்தின் மேல் பூசப்பட்டுள்ள எண்ணெயின் அளவு, நீளம், பரவல் ஆகியவற்றைக் கணித்து, அதற்கு ஒத்த மேலோடும் பரப்பும் உட்கருவும் கொண்ட பந்தைத் தெரிந்தெடுப்பதைக் குறிக்கும். தெரிந்தெடுத்த பந்தை அதே தன்மையில் பேணுவதும் இதனுள் அடங்கும். பேச்சுவழக்கில் பௌலிங் எனப்படும் இவ்விளையாட்டு, துடுப்பாட்டப் பந்துவீச்சினின்று முற்றிலும் வேறானது.

பேரங்காடிகளில் பொழுதுபோக்காக இதை ஆடியவர்களுள் பலர் தடத்தில் எண்ணெய் இருப்பதையே அறிந்திருக்க மாட்டார்கள். தடம் பளபளப்பாக இருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் போட்டி ஆட்டத்தில் பந்தின் பாதையை முடிவு செய்வதில் ஆட்டக்காரரின் கைக்கு அடுத்த இடம் இவ்வெண்ணெய்க்கே உண்டு. ஒரே பந்தை ஒரே விதமாக உருட்டினாலும், ஓர் அரங்கில் பத்து முளைகளும் விழும். மற்றோர் அரங்கில் பந்து வளையாமல் நேரே சென்றுவிடும், அல்லது மிகையாக வளைந்து முதல் முளையின் மறுபுறத்தைத் தாக்கும்.

இக்கட்டுரையில் இடம், வலம் எனக் கூறப்படுவன வலக்கை ஆட்டக்காரருக்கு உரியன. இடக்கையருக்கு அவற்றை மாற்றிக் கொள்ள வேண்டும்.

தடமும் எண்ணெயும்

பிழைக்கோட்டிலிருந்து முதல் முளை வரை தடத்தின் நீளம் 60 அடி (18.29 மீட்டர்), அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம் (1.05 மீட்டர்). மரத்தடங்களின் காலத்தில் இவ்வகலம் 39 பலகைகளால் ஆனது. இன்று பெரும்பாலான தடங்கள் செயற்கைப் பொருளால் ஆனவை எனினும், பலகைக் கோடுகள் அவற்றின் மேல் அச்சிடப்பட்டுள்ளன. ஆட்டக்காரர்கள் இன்றும் இடத்தைப் பலகை எண்ணாலேயே குறிப்பிடுகின்றனர். வலக்கையர் வலது ஓரத்திலிருந்து எண்ணுவர்; 20-ஆவது பலகை நடுப்பலகை.

எண்ணெய் பூசும் வழக்கம் ஆட்டத்துக்காகத் தோன்றியது அன்று. மேப்பிள், பைன் மரங்களால் அமைந்த பழைய தடங்களின் மேல் அரக்கு மெருகும், பின்னர் வேறு மெருகெண்ணெய்களும் பூசப்பட்டிருந்தன. 7 கிலோகிராம் வரை எடையுள்ள பந்து விழுந்து வழுக்கும் முன்பகுதியில் உராய்வினால் மெருகு தேய்வதைத் தடுக்கவே எண்ணெய் இடப்பட்டது. மரம் மறைந்து செயற்கைத் தடம் வந்த பின்னும் எண்ணெய் நிலைத்துவிட்டது. ஆட்டத்தின் கடினத்தை அளவிட்டு அமைக்கும் கருவியாக அது மாறிவிட்டது. சுண்டாட்டப் பலகையில் பவுடர் தூவுவதை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை விளங்கும். வேறுபாடு என்னவெனில், சுண்டாட்டத்தில் பவுடர் பலகை முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும். பந்துருட்டலில் எண்ணெய் வேண்டுமென்றே சீரற்றுப் பூசப்படுகிறது.

எண்ணெய் இடும் இயந்திரம் தடத்தின் மேல் ஊர்ந்து சென்று, பழைய எண்ணெயைத் துடைத்து, புதிய எண்ணெயைத் திட்டமிட்ட அளவில் பரப்புகிறது. ஒரு தடத்துக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிலிட்டர் மட்டுமே செலவாகும். 25 மில்லிலிட்டர் எண்ணெயை 40 அடி நீளத்துக்கு முழு அகலத்திலும் பரப்பினால், படலத்தின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டராக இருக்கும். தோசைக்கல்லை எண்ணெய்த் துணியால் ஒற்றியெடுத்தால் எஞ்சும் படலத்தையும் விட இது மெல்லியது எனலாம். இவ்வளவு மெல்லிய படலம் ஒவ்வோர் உருட்டலிலும் கலைந்து இடம் மாறுகிறது என்பதே இவ்விளையாட்டின் பெருஞ்சிக்கல்.

எண்ணெய்க் கோலங்கள்

எண்ணெய் பரப்பப்படும் வடிவம் எண்ணெய்க் கோலம் எனப்படும். கோலத்தின் நீளம், மொத்த அளவு, நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றும் அதன் இயல்பைத் தீர்மானிக்கும்.

நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்கு இடப்படும் அரங்குக் கோலத்தில் நடுப்பகுதியில் எண்ணெய் மிகுந்தும், ஓரங்களில் மிகக் குறைந்தும் இருக்கும். நடுவில் ஓரத்தைப் போல் எட்டு, பத்து மடங்கு எண்ணெய் இருப்பதும் உண்டு. இது ஆட்டக்காரருக்குச் செய்யும் உதவி பெரிது. பந்து தவறி வெளியே சென்றால், உலர்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பும். தவறி உள்ளே சென்றால், மிகுந்த எண்ணெய் அதை வளையவிடாது தாங்கும். இரு தவறுகளும் ஒரே இலக்கை நோக்கித் திரும்புகின்றன.

போட்டிக் கோலத்தில் இவ்வுதவி இல்லை. அமெரிக்கப் பந்துருட்டல் பேராயத்தின் வரையறைப்படி விளையாட்டுக் கோலம் எனப்படுவதில் இவ்விகிதம் 3:1-ஐத் தாண்டலாகாது. எனவே, தன் ஊர் அரங்கில் 200 புள்ளிகளுக்கு மேல் சராசரியாக எடுக்கும் ஒருவர் விளையாட்டுக் கோலத்தில் முதன்முறை ஆடும்போது அவரது சராசரி வெகுவாக வீழ்வது இயல்பே. திறன் குறைந்துவிட்டதாக அவர் வருந்துவார். உண்மையில் அது வரை தடமே அவருக்காகப் பாதி வேலையைச் செய்து வந்திருக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, 35 அடியும் அதற்குக் குறைவும் குறுங்கோலம் என்றும், 36 முதல் 41 அடி வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் நெடுங்கோலம் என்றும் பொதுவாகக் கொள்ளப்படும். அமெரிக்கத் தொழில்முறைப் பந்துருட்டுநர் சங்கம் தன் கோலங்களுக்கு விலங்குப் பெயர்களைச் சூட்டியுள்ளது. ஓநாய், சிறுத்தை ஆகியன குறுங்கோலங்கள். சுறா, வளைக்கரடி ஆகியன நெடுங்கோலங்கள்.

பந்து எந்தப் பலகையில் வெளிப்புறத்தின் எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்கு ஆட்டக்காரர்களிடையே ஓர் எளிய கணக்கு வழங்குகிறது: கோலத்தின் நீளத்திலிருந்து 31-ஐக் கழிக்க வேண்டும். 40 அடிக் கோலமெனில் 9-ஆவது பலகை. 34 அடியெனில் 3-ஆவது பலகை, அதாவது ஓரவாய்க்காலுக்கு மிக அருகில். 45 அடியெனில் 14-ஆவது பலகை. இது ஒரு தொடக்கப் புள்ளியே அன்றி விதி அன்று.

பந்து வளைவது ஏன்

கையைவிட்ட பந்து உடனே உருள்வதில்லை. எண்ணெயின் மேல் முதலில் வழுக்குகிறது. எண்ணெய் முடிந்த உலர்பகுதியில் வளைகிறது. இறுதியில் முழுமையாக உருள்கிறது. பந்தின் சுழற்சி அச்சு அதன் செல்திசைக்குச் சாய்வாக இருப்பதால், பந்தின் அடிப்பரப்பில் எழும் உராய்வு அதன் வேகத்தைக் குறைப்பதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. எண்ணெய்ப் பகுதியில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.04 என்றும், உலர்பகுதியில் ஏறத்தாழ 0.2 என்றும் இயற்பியல் கணிப்புகளில் கொள்ளப்படுகிறது. பந்தைத் தள்ளும் விசை ஒரே நொடிக்குள் ஐந்து மடங்காகிறது. வெளியிலிருந்து காண்பவருக்குப் பந்து திடீரெனத் தன் மனத்தை மாற்றிக் கொண்டது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

வளைவு எதற்கு என்னும் வினா எழலாம். முதல் முளைக்கும் மூன்றாம் முளைக்கும் இடைப்பட்ட இடம் பாக்கெட் எனப்படும். பந்து அவ்விடத்தில் ஏறத்தாழ 4 முதல் 6 பாகை சாய்வாக நுழைந்தால் பத்து முளைகளும் விழும் வாய்ப்பு மிகுதி. நேராக உருட்டப்படும் பந்தின் நுழைகோணம் 2 பாகையைக் கூட எட்டாது. அது பாக்கெட்டைத் தொட்டாலும் முளைகளால் விலக்கப்பட்டு, ஐந்தாம் முளையையோ பத்தாம் முளையையோ விட்டுச் செல்லும்.

வளைவு மிக முன்னதாக நிகழ்ந்தால் பந்தின் ஆற்றல் முளைகளை அடையுமுன் செலவாகிவிடும். பிந்தி நிகழ்ந்தால் பந்து பாக்கெட்டுக்கு வலப்புறமே நின்றுவிடும். சரியான பந்து என்பது மிகுதியாக வளையும் பந்து அன்று. சரியான இடத்தில் வளையும் பந்து ஆகும். முதல் பந்தை வாங்குவோர் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை. விளம்பரத்தில் மிகுதியாக வளைவதைக் காட்டும் பந்தையே வாங்கிவிடுகின்றனர்; பின்னர் எண்ணெய் குறைந்த தங்கள் அரங்கில் அதைக் கட்டுப்படுத்த இயலாமல் இடர்ப்படுகின்றனர்.

மேலோடு

பந்தின் மேலோட்டுப் பொருளின் வரலாறே தடத்து உராய்வின் வரலாறு எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பந்துகள் லிக்னம் வீட்டே என்னும் கடினமான மரத்தால் செய்யப்பட்டன. 1900களின் தொடக்கத்தில் கடின இரப்பர் பந்துகள் வந்தன. பிரன்சுவிக் நிறுவனத்தின் மினரலைட் பந்து அவற்றுள் பெயர்பெற்றது. 1960களில் பாலியெசுத்தர் பந்துகள் பரவத் தொடங்கின.

1970களில் ஒரு சுவையான திருப்பம் நேர்ந்தது. டான் மெக்கியூன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் பாலியெசுத்தர் பந்தை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து அதன் மேலோட்டை மென்மையாக்கினார். மென்மையான பரப்பு தடத்தை இறுகப் பற்றியது. 1973-இல் அவர் தொழில்முறைச் சங்கத்தின் அவ்வாண்டுக்கான சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அதன் பின்னரே பந்தின் கடினத்தன்மைக்குக் கீழெல்லை வகுக்கப்பட்டது. 1981-இல் யூரித்தேன் பந்துகளும், 1990களின் தொடக்கத்தில் வினைப்படு பிசின் பந்துகளும் சந்தைக்கு வந்தன.

பாலியெசுத்தர் பந்து, பிளாசுட்டிக் பந்து என்றே வழங்கப்படுகிறது. எண்ணெய் எவ்வாறு இருப்பினும் ஏறத்தாழ நேரே செல்லும். அரங்குகளில் வாடகைக்குத் தரப்படும் பந்துகள் இவ்வகையினவே. இதை இழிவாகக் கருதுவோர் உளர். ஆனால் எஞ்சிய ஒற்றை முளையை, குறிப்பாக வலது மூலையில் நிற்கும் பத்தாம் முளையை வீழ்த்த எண்ணெயைப் பொருட்படுத்தாத இப்பந்தே உகந்தது. முன்னணி ஆட்டக்காரர்களும் ஒன்றை உடன் வைத்திருப்பர்.

யூரித்தேன் பந்து முன்னதாகவே பற்றத் தொடங்கி, சீரான வில் போல மெல்ல வளையும். உலர்பகுதியை அடைந்ததும் சட்டெனத் திரும்பாது. குறுங்கோலங்களில் இக்கட்டுப்பாடு மிகவும் வேண்டப்படுவது.

வினைப்படு பிசின் என்பதும் யூரித்தேனே. அதனுடன் சேர்க்கப்படும் பொருள்களால் மேலோடு இறுகும்போது நுண்துளைகள் உருவாகின்றன. இத்துளைகள் தடத்து எண்ணெயை உறிஞ்சுவதால் பந்து உலர்பகுதியில் வலுவாகப் பற்றுகிறது. இதில் திண்வகை முன்னதாகப் பற்றும்; மினுமினுக்கும் பொருள் கலந்த முத்துவகை நெடுந்தொலைவு வழுக்கிப் பின் கூர்மையாகத் திரும்பும்; இரண்டும் கலந்த கலப்புவகை இடைப்பட்டது.

பரப்பின் சொரசொரப்பு

பந்தின் விலையையும் பெயரையும் விட அதன் பரப்பு எவ்வளவு சொரசொரப்பானது என்பதே பெரிதும் பொருட்படுத்தத் தக்கது. அமெரிக்கப் பந்துருட்டல் பேராயம் 2000களில் நடத்திய பந்து இயக்க ஆய்வும் பரப்பின் நுண்சொரசொரப்பையே முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகக் கண்டது. ஒரே பந்து, உப்புத்தாளால் தேய்க்கப்பட்ட நிலையிலும் மெருகேற்றப்பட்ட நிலையிலும் இரு வேறு பந்துகளைப் போல நடந்து கொள்ளும்.

இதற்குப் பயன்படும் தேய்ப்பு வட்டுகளுள் பின்லாந்தின் மிர்க்கா நிறுவனத்தின் அப்ரலான் பரவலாக அறியப்பட்டது. 180, 360, 500, 1000, 2000, 4000 என எண் உயர உயரப் பரப்பு வழவழப்பாகும். மரவேலைக்கான உப்புத்தாளின் எண்வரிசை போன்றதே இது. 500 அல்லது 1000 எண்ணில் தேய்த்த பந்தின் நுண்கீறல்கள் எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தடத்தைத் தொடும். எனவே மிகுந்த எண்ணெயில் முன்னதாகப் பற்றும். 4000 எண்ணில் தேய்த்து மெருகுநீர்மம் பூசிய பந்து எண்ணெயின் மேல் மிதந்து செல்லும். குறைந்த எண்ணெயிலும் ஆற்றலைச் சேமித்து முளைகளுக்கு அருகில் வளையும்.

மழைநீர் தேங்கிய சாலையில் வரிப்பள்ளங்கள் கொண்ட சக்கரம் நீரை விலக்கித் தரையைப் பிடிப்பதையும், வழுக்கையான சக்கரம் நீரின் மேல் சறுக்குவதையும் இதனுடன் ஒப்பிடலாம்.

உட்கருவும் துளையிடலும்

பந்தின் உள்ளே அடர்த்தி மிகுந்த உட்கரு உள்ளது. எடை மையத்துக்கு அருகில் குவிந்திருந்தால் பந்து விரைவில் சுழன்று முன்னதாக உருளும். மேலோட்டை நோக்கிப் பரவியிருந்தால் நெடிது வழுக்கும். இதைக் குறிக்கும் அளவு சுழலாரை ஆகும். விதிப்படி அது 2.46 அங்குலம் முதல் 2.80 அங்குலம் வரை இருக்கலாம். உட்கருவின் இரு அச்சுகளுக்கிடையே உள்ள சுழலாரை வேறுபாடு 0.060 அங்குலத்தைத் தாண்டலாகாது. இவ்வேறுபாடு மிகுந்தால், பந்து உருளும்போது அதன் அச்சு இடம்பெயர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பரப்பு தடத்தைத் தொடும். ஆடிய பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் விசிறி போல் விரிந்திருப்பது இதனாலேயே.

விரல் துளைகள் எங்கு இடப்படுகின்றன என்பது உட்கருவின் விளைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஆயினும் துளையிடல் பற்றிய நுணுக்கங்களில் தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் மூழ்குவது தேவையற்றது. துளைகள் கைக்குப் பொருந்துவதே முதன்மையானது. பெருவிரல் துளை தளர்வாக இருந்தால் ஆட்டக்காரர் பந்தை இறுக்கிப் பிடிப்பார். அந்நிலையில் உட்கருவின் வேறுபாடு எதுவும் புலப்படாது.

எண்ணெய்க்கேற்ற தேர்வு

மிகுந்த எண்ணெயுள்ள நெடுங்கோலத்தில் உலர்பகுதி குறைவு. பந்து வளைவதற்குக் கிடைக்கும் தொலைவு 15 அடியளவே. அங்கு 500 முதல் 1000 வரை தேய்த்த திண்வகை மேலோடு, குறைந்த சுழலாரை, மிகுந்த வேறுபாடு ஆகியன கொண்ட பந்து பொருந்தும். பந்தை வெளியே வீசித் திருப்ப முயல்வதை விட, பாக்கெட்டுக்கு நெருங்கிய நேரான பாதையில் அனுப்புவதே நன்று.

நடுத்தரக் கோலத்துக்கு 2000 அல்லது 3000 எண்ணில் தேய்த்த, சமச்சீர் உட்கருவுடைய பிசின் பந்து போதும். ஒரேயொரு போட்டிப் பந்தை மட்டும் வாங்க இயலுபவர் வாங்க வேண்டியது இதுவே. பரப்பை மாற்றுவதன் மூலம் இதனை இரு திசையிலும் ஓரளவு நகர்த்த இயலும்.

குறைந்த எண்ணெயில் அல்லது உலர்ந்த தடத்தில் மெருகேற்றிய முத்துவகை, உயர்ந்த சுழலாரை உடைய பந்து வேண்டும். குறுங்கோலத்தில் எண்ணெய் முடிந்த பின் 25 அடிக்கு மேல் உலர்பகுதி இருப்பதால், வலிய பந்து கட்டுக்கடங்காது திரும்பும். அங்குத் தடத்தின் வலது ஓரத்தை ஒட்டி யூரித்தேன் பந்தைக் கொண்டு ஆடுவது பரவலான முறை.

இவையனைத்தும் சராசரி வேகமும் சுழற்சியும் உடையவருக்கே பொருந்தும். வேகமாக வீசிக் குறைவாகச் சுழற்றுபவருக்கு ஒரு படி வலிய பந்து தேவை. இரு கைகளாலும் வீசும் ஆசுத்திரேலியரான சேசன் பெல்மோன்டே போல மிகுந்த சுழற்சி தருபவர்களுக்குப் பிறர் வலிமையற்றதெனக் கருதும் பந்தே போதுமானதாகும். பிறர் பந்தைப் பார்த்து அதேபோல் வாங்குதல் இவ்விளையாட்டில் பணத்தை வீணாக்கும் வழிகளுள் முதன்மையானது.

தடம் மாறுதல்

ஆட்டம் தொடங்கியதும் கோலம் சிதையத் தொடங்குகிறது. பிசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சிச் செல்வதால், பலரும் ஆடும் பாதையில் தடம் உலர்கிறது. முன்பு பாக்கெட்டைத் தொட்ட பந்து இப்போது இடப்புறம் மிகையாகச் செல்லும். வழக்கமான தீர்வு, நிற்கும் இடத்தை இரு பலகையும், இலக்கை ஒரு பலகையும் இடப்புறம் நகர்த்துவது. அவ்வாறும் சரிவராதபோது மெருகேற்றிய பந்துக்கு மாற வேண்டும்.

பிளாசுட்டிக், யூரித்தேன் பந்துகள் எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாமல் முன்னோக்கித் தள்ளுகின்றன. இதனால் உலர்ந்திருந்த பின்பகுதியில் எண்ணெய்க் கோடுகள் உண்டாகிப் பந்து திரும்பாமல் போகும். பக்கத்தில் ஆடுபவர் எப்பந்தைப் பயன்படுத்துகிறார் என்பதையும் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இம்மாற்றத்தைக் கண்ணால் காண இயலாது. பந்து வளையத் தொடங்கும் இடம், முளைகளைத் தொட்ட பின் அது விலகும் திசை, திரும்பி வந்த பந்தின் மேலுள்ள எண்ணெய் வளையங்கள் ஆகியவற்றைக் கொண்டே உய்த்துணர வேண்டும்.

பேணல்

உறிஞ்சும் இயல்பே பிசின் பந்தின் வலிமை. அதுவே அதன் வாழ்நாளையும் குறைக்கிறது. நுண்துளைகள் எண்ணெயால் நிரம்பிய பந்து படிப்படியாகப் பற்றுதலை இழக்கும். மாற்றம் மெல்ல நிகழ்வதால் ஆட்டக்காரர் அதை உணராமல் தன் வீச்சை மாற்றிக் கொள்கிறார். கெடுவது பந்து மட்டும் அன்று.

ஒவ்வோர் உருட்டலுக்கு முன்னும் பந்தை நுண்ணிழைத் துணியால் துடைத்தல் வேண்டும். பழைய பனியன் துணியும் எண்ணெயை எடுக்கும், ஆனால் நூல்துகளை விட்டுச் செல்லும். அன்றைய ஆட்டம் முடிந்ததும், பந்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே, பந்துக்கான துப்புரவு நீர்மத்தாலோ ஐசோபுரொப்பைல் ஆல்ககாலாலோ துடைக்க வேண்டும். மறுநாள் துடைப்பதில் பயன் குறைவு. அதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன், பெட்ரோல், பெயின்ட் தின்னர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. இவை மேலோட்டையே தாக்குவன.

ஆடும்போது தடத்தின் உராய்வால் நுண்கீறல்கள் தேய்ந்து, 1000 எண்ணில் தேய்த்த பந்து சில ஆட்டங்களிலேயே வழவழப்பாகிவிடும். ஆகவே பரப்பை அவ்வப்போது அதே எண்ணில் மீண்டும் தேய்க்க வேண்டும். சுழலும் தாங்கியில் பந்தை வைத்து, நீர் விட்டு, நான்கு பக்கங்களும் சம நேரம் தேய்ப்பது முறை. எந்த எண்ணில், எந்நாளில் தேய்த்தது என்பதைக் குறித்து வைப்பவர்கள் மட்டுமே அடுத்த முறை அதே பந்தைப் பெறுகின்றனர். மேலோட்டை ஆழமாகச் சமன் செய்து புதுப்பித்தலுக்கு ஏறத்தாழ 60 ஆட்டங்களுக்கு ஒருமுறை என்பது கடைகளில் கூறப்படும் பொதுக்கணக்கு.

உள்ளிறங்கிய எண்ணெயை எடுக்க, துளைகளை நீர்புகா ஒட்டுநாடாவால் மூடி, பாத்திரம் துலக்கும் நீர்மம் சிறிது கலந்த வெந்நீரில் பந்தை 20 நிமிடம் அமிழ்த்தி வைப்பர். எண்ணெய் கசிந்து நீரின் மேல் மிதக்கும். நீர் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல், 50 °C-ஐ ஒட்டி இருக்கலாம். 60 °C-ஐத் தாண்டினால் மேலோடு வெடிக்கக்கூடும். மேலோடும் உட்கருவும் வெவ்வேறு அளவில் விரிவடைவதே வெடிப்புக்குக் காரணம். அடுப்பு, முடியுலர்த்தி ஆகியவற்றால் சூடாக்கிப் பந்தை இழந்தோர் பலர்.

வெப்பம் தமிழ்நாட்டில் தனியே கருத வேண்டியது. பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடை வெப்பநிலை 40 °C-ஐ எட்டுவதுண்டு. அத்தகைய ஊரிலிருந்து சென்னைக்கு மகிழுந்தில் செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். வெயிலில் நிறுத்திய வண்டியின் மூடிய பின்பெட்டி, வெந்நீருக்குக் கூறப்பட்ட எல்லையையே நெருங்கும். அங்கிருந்து குளிரூட்டிய அரங்குக்குள் உடனே கொண்டு செல்வது இரட்டைக் கேடு. பந்தைப் பயணிகள் இருக்கைப் பகுதியில் வைத்துக் கொள்வதும், அரங்கை அடைந்தபின் சற்று நேரம் பையிலேயே விட்டுவைப்பதும் செலவில்லாத காப்பு. வீட்டில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் பந்து வைக்க ஏற்ற இடம் அன்று. தரையை ஒட்டிய அலமாரியே நன்று.

விதிமுறைகள்

பந்தின் எடை 16 பவுண்டுக்கு (7.26 கிலோகிராம்) மிகலாகாது. விட்டம் 8.5 அங்குலத்தை ஒட்டி அமையும். அமெரிக்கப் பந்துருட்டல் பேராயத்தின் விதிகளில் அண்மைக் காலத்தில் வந்த மாற்றங்கள் பேணலை நேரடியாகப் பாதிப்பன. 2019 ஆகத்து 1 முதல் போட்டியின்போது நீர்மத் துப்புரவிகளைப் பயன்படுத்த இயலாது. உலர்ந்த துணி மட்டுமே ஏற்கப்படும். 2020 ஆகத்து 1 முதல், விரல் பிடிக்காத சமநிலைத் துளைகள் விலக்கப்பட்டன. போட்டி தொடங்கிய பின் பரப்பைத் தேய்ப்பதும் மெருகேற்றுவதும் கூடாது. தேய்த்தால் பந்து முழுதும் சீராகத் தேய்க்க வேண்டும். துடுப்பாட்டப் பந்தைப் போல ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி வைப்பதற்கு இங்கு இடமில்லை.

மென்மையான மேலோடு பற்றிய பழைய சிக்கல் 2022-இல் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில், 2016, 2017 ஆண்டுகளில் செய்யப்பட்ட பர்ப்பிள் ஆமர் என்னும் யூரித்தேன் பந்துகள் பேராயத்தின் தேசியப் போட்டிகளில் தடை செய்யப்பட்டன. இசுட்டார்ம் நிறுவனத்தின் இசுபெக்டர் பந்துக்கான ஏற்பும் திரும்பப் பெறப்பட்டது. வகுத்த கடினத்தை விட அவை மென்மையாக இருந்ததே காரணம். முறையாக விலை கொடுத்து வாங்கியவர்களும் பந்தைப் பையிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. பழைய பந்து வாங்குவோர் அதன் தொடரெண்ணையும் நடப்பிலுள்ள ஏற்புப் பட்டியலையும் சரிபார்த்தல் நலம்.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்விளையாட்டைத் தென்பின் பௌலிங் கூட்டமைப்பு நடத்துகிறது. தேசியப் போட்டிகள் பெங்களூரு சர்ச் தெருவிலுள்ள அமீபா அரங்கில் பலமுறை நடந்துள்ளன. சென்னையைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் தேசிய வாகையைப் பலமுறை வென்றவர்.

ஆசிய விளையாட்டுகளில் பந்துருட்டல் முதன்முதலாக 1978-இல் பாங்காக்கில் இடம்பெற்றது. 2018 போட்டி இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் நடந்தது. சிங்கப்பூர், மலேசியா, தென்கொரியா ஆகிய நாடுகள் ஆசியாவில் முன்னணியில் உள்ளன. அந்நாட்டு ஆட்டக்காரர்கள் வெவ்வேறு நீளக் கோலங்களில் பயிற்சி பெற்று, ஆறு பந்துகளோ அதற்கு மேலோ உடன் கொண்டு வருகின்றனர். இந்திய அரங்குகள் பெரும்பாலும் பொழுதுபோக்கு வருவாயை நம்பி இயங்குவதால், போட்டிக் கோலம் இட்ட தடம் பயிற்சிக்குக் கிடைப்பது அரிது. போட்டிப் பந்துகள் இறக்குமதியாவதால் விலையுடன் சுங்கமும் அனுப்புசெலவும் சேரும்.

எனவே இங்குள்ள ஆட்டக்காரருக்கு ஆறு பந்து என்னும் கணக்கு பொருந்தாது. பிளாசுட்டிக் பந்து ஒன்றும், நடுத்தரப் பிசின் பந்து ஒன்றும் வைத்துக்கொண்டு, 500, 1000, 2000, 4000 எண் தேய்ப்பு வட்டுகளையும் ஒரு புட்டி மெருகுநீர்மத்தையும் உடன் வாங்குவது, மூன்றாவது பந்து வாங்குவதை விட மிகக் குறைந்த செலவில் கூடுதல் கோலங்களுக்கு விடையளிக்கும். மூன்றாவதாக வாங்குவதாயின், ஏற்கெனவே உள்ள பந்துடன் ஒப்பிட்டு, அதனால் எட்ட இயலாத கோலம் எது எனக் கண்ட பின்னரே வாங்க வேண்டும். குறுங்கோலத்தில் தடுமாறுபவருக்கு யூரித்தேனும், நெடுங்கோலத்தில் பந்து திரும்பாமல் தவிப்பவருக்குத் தேய்த்த திண்வகையும் உரியன.